நாற்பத்தோரு கன்றுகள்

நகராட்சியின் மரப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததில் அவள் நாலு தடவை அடி வாங்கினாள். முதல் மூன்றையும் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் அவள் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கி, அதனாலேயே காதோடு சேர்த்து அறைந்தார். "அட்டை ஃபைல்தான். ஆனா உள்ள நாப்பது வீட்டு மனு இருந்துச்சே, கனம் இருக்காதா" என்பாள். கார் ஷெட்டுக்காக முன்வாசல் மரத்தை வெட்டிய ஒருவர், விசாரிக்கப் போய் மதிலேறி எட்டிப் பார்த்தவளைக் கீழே தள்ளிவிட்டதில் முன்பல் பாதி உடைந்தது. மூன்றாவது, அக்கா தங்கை இருவர். கொல்லை மரத்தின் வேரில் ஆசிட் ஊற்றி அதைக் கொன்றிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அக்காக்காரி பின்னால் வந்து முடியைப் பிடித்துக்கொள்ள, தங்கைக்காரி தரை துடைக்கும் கட்டையால் முதுகில் போட்டாள். "அவ்வளவு ஒத்துமையான அக்கா தங்கச்சிய நான் பாத்ததே இல்ல."

நாலாவதை அவள் சொல்வதில்லை.

தையல்காரர்கள் போல எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் கிடப்பதால் ஊரில் அவளை டேப்பக்கா என்பார்கள். கட்டையான உடம்பு, வேகமான நடை. அவள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவில் யாரோ மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நகராட்சியின் விதி நாலே வரி. வெட்டிய மரத்தின் சுற்றளவு நெஞ்சுயரத்தில் எத்தனை அடியோ, அத்தனை கன்றுகளை வெட்டியவர் அதே நிலத்தில் நட வேண்டும். கன்றுகள் மூன்று வருஷம் உயிரோடு நிற்க வேண்டும். இடையில் ஒன்று செத்தால் அதற்குப் பதில் இரண்டு. மூன்றாம் வருஷக் கடைசியில் மரப் பிரிவு கையெழுத்துப் போட்டால்தான் அந்த நிலத்தில் கட்டடம் கட்ட அனுமதி.

அந்தக் கையெழுத்து அவளுடையது. அதனால்தான் இத்தனை அடியும்.

அடி அவளுக்குப் புதிதல்ல. அவள் பிறந்த வீட்டில் அடி என்பது சாப்பாடு மாதிரி, வேளாவேளைக்கு உண்டு. அப்பாவின் பெல்ட்டுக்கு அம்மா, அண்ணன், அவள் என்ற வரிசையெல்லாம் கிடையாது. கண்ணில் படுகிற ஆள்தான் கணக்கு. அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது ஒரு நாள் அவன் அப்பாவின் மூக்கை உடைத்து, சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அப்பா திரும்ப வரவேயில்லை. மறுநாளே அண்ணன் படிப்பை விட்டுவிட்டு மர அறுப்பு வேலைக்குப் போனான். அவள் படித்தது அவன் அறுத்த மரத்தில். மரத்தைக் காப்பாற்றும் வேலையில் தங்கையும் மரத்தை அறுக்கும் வேலையில் அண்ணனும் இருந்ததைப் பற்றி வீட்டில் கேலி ஓயாது. "நான் வெட்டலன்னா உனக்கு ஏது பாப்பா வேலை?" என்பான் அண்ணன்.

அண்ணன் பவர் ரம்பம் ஓட்டியது ஊர் ஓரத்தில் இருந்த ஒரு மர டிப்போவில். டிப்போக்காரர் வெள்ளைச் சட்டையில் மரத்தூள் ஒட்டாமல் அந்தத் தூள் மேட்டுக்குள் நடக்கத் தெரிந்தவர். வேலையாட்களைத் திட்டமாட்டார்; நேரே கைதான். டிப்போவுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவர் ஐந்து தூங்குமூஞ்சி மரங்களை வெட்டினார். வெட்டியது அண்ணன். அளந்தது தங்கை. சுற்றளவு ஒன்பது அடி, ஏழு, பதினொன்று, எட்டு, ஆறு. மொத்தம் நாற்பத்தொன்று.

"நாப்பத்தோரு கன்னா? நான் என்ன தோட்டமா போடப் போறேன்?" என்று கேட்டார் டிப்போக்காரர்.

"நீங்க நாலு மாடி போடப் போறீங்க. அதுக்கு முன்னாடி தோட்டம் போடணும். அதான் விதி" என்றாள் அவள்.

நாற்பத்தொன்றையும் நட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் போய் எண்ணுவாள். அவள் போகும்போதெல்லாம் அண்ணன் ரம்பத்தை நிறுத்திவிட்டு, தங்கைக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்புவான். அவள் குடிக்கமாட்டாள். "வேலைக்கு வந்த இடத்துல டீ குடிச்சா அப்புறம் நாக்கு அவங்க பக்கம் பேசும்ணே." இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு கோடை வந்தது. டிப்போக்காரர் தண்ணீர் ஊற்றிய ஆளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். கடைசி ஆய்வுக்கு அவள் போனது காலை பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில்.

வாசலில் நின்று பார்த்தபோது நாற்பத்தொன்றும் பச்சையாக நின்றன. அவளுக்கே ஆச்சரியம். கிட்டே போனாள். கன்றுகள் நேற்று முளைத்தவை போலப் பளபளத்தன. ஆனால் அடியில் மண் சுற்றிலும் வெடித்துக் கிடக்க, தண்டு நட்ட இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சுளுவாகக் கையோடு வந்தது. வேர் இல்லை. அடிமுனை சாய்வாக, ரம்பப் பல் பதிந்து, வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒரு மரத்தில் அறுத்த கிளை.

அவள் அதைத் தரையில் கிடத்தினாள். அடுத்ததை இழுத்தாள். அதுவும் வந்தது. பிறகு மீதி எல்லாவற்றையும் ஒரு சுற்று ஆட்டிப் பார்த்தாள்; ஏழு கன்றுகள் மட்டும் வேரைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. அவள் இருபதாவது குச்சியைப் பிடுங்கும்போது டிப்போக்காரர் வந்துவிட்டார். பின்னால் ஐந்தாறு வேலையாட்கள். ஓரமாக, ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தைக் கையில் பிடித்தபடி அண்ணன்.

"என்னம்மா இது, நட்டு வச்சத எல்லாம் புடுங்கிப் போடுறீங்க? ஒரு மழை பேஞ்சா வேர் விட்டுரும்."

"என் காதுல பூ வச்சது பத்தாதுன்னு மண்ணுல குச்சி வேற வச்சிருக்கீங்க" என்றாள்.

வேலையாட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருவன். அந்தச் சிரிப்புதான் வினை. பதினைந்து வருஷமாக எந்த வேலையாளும் தன் முன்னால் பல் காட்டியதில்லை என்று டிப்போக்காரர் பிற்பாடு போலீஸில் சொன்னாராம்.

அவர் குனிந்து, அவள் பிடுங்கிப் போட்டதிலேயே மணிக்கட்டுத் தடிமனாக ஒன்றை எடுத்தார். முதல் அடி தோளில். அவள் தடுமாறி ஒரு காலை ஊன்றி நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே உரிய அந்தப் பாழாய்ப்போன பிடிவாதம், அடுத்த குச்சியை எட்டிப் பிடித்துப் பிடுங்கினாள். "இருபத்தொண்ணு" என்றாள்.

இரண்டாவது அடி வலது காதில் விழுந்தது. உலகம் ஒரு பக்கமாக அணைந்துபோனது. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கி டேப்பில் ஊறியது. முழங்காலில் விழுந்தவள் விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். "இருபத்திரெண்டு."

"பிடிடா அவள" என்று டிப்போக்காரர் கத்தினார்.

ரம்பம் நின்றது. அண்ணன் அதைக் கீழே வைத்துவிட்டு வருவதை ஒரு கண்ணால் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவள் மனத்தில் வந்த பயம் டிப்போக்காரருக்காகத்தான். அண்ணன் கை வைத்தால் இந்த மனுஷன் தாங்கமாட்டானே, கொலைக் கேஸாகிவிடுமே என்று நினைத்தாள். "அண்ணே, வேணாம்" என்றுகூடச் சொன்னாள்.

அண்ணன் அவள் பின்னால் வந்து நின்றான். அவள் இரண்டு கைகளையும் முதுகுப்பக்கம் முறுக்கிப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"பாப்பா, பேசாம இரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. எனக்காக. எம்பொழப்பு இது" என்று காதுக்குள் சொன்னான். இடது காது என்பதால் கேட்டது.

டிப்போக்காரர் ஓங்கினார். அவள் உடம்பைத் திருப்பியதில் அடி முகத்தில் விழாமல் வலது முழங்கையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ஒடிந்தது குச்சியில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. அவன் பிடி தளரவில்லை. இன்னொரு அடி இடுப்பில். இன்னொன்று தொடையில். வேலையாட்கள் ஒருவரும் அசையவில்லை. சிரித்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குதிகாலைத் தூக்கி அண்ணனின் முன்காலெலும்பில் முழு பலத்தோடு இறக்கினாள். அவன் "அம்மா" என்று மடங்கியதும் கை விடுபட்டது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. இடது கையால், வேர் பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்த இரும்புக் கைக்கொத்தை எடுத்தாள். எடுத்த வேகத்தில் டிப்போக்காரரின் முழங்கால் சில்லில் போட்டாள். ஒரே போடு. அவர் கத்தக்கூட முடியாமல் வாயைத் திறந்துகொண்டு குச்சிகளின் மேல் சாய்ந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் மண்.

இரண்டாவது முறை ஓங்கியபோது எதிரில் இருந்தது அண்ணனின் தலை. அவன் ஒதுங்கவில்லை. கொத்து அப்படியே மேலே நின்றது. அடிக்காமல் விட்டது பாசத்தாலா, கையில் சத்து போய்விட்டதாலா என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

கொத்தைப் போட்டுவிட்டு, தொங்கிய வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டாள். ஆய்வு நோட்டை எடுக்கக் கை இல்லை. குனிந்து வாயால் கவ்வி எடுத்தாள். பல்லில் நோட்டோடு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு ரோட்டுக்கு வந்தவளைக் காய்கறி வண்டி ஓட்டிவந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

முழங்கையில் தகடு வைத்தார்கள். வலது காது அத்தோடு போயிற்று. நாலாம் நாள் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தபோதுதான், டிப்போக்காரர் முந்திக்கொண்டது தெரிந்தது. ஆய்வுக்கு வந்த அம்மா திடீரென்று வெறி பிடித்ததுபோல நட்ட கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார், தடுத்தவரைக் கொத்தால் வெட்டினார், அப்போது கீழே விழுந்ததில் அந்த அம்மாவுக்கும் அடிபட்டது என்று புகார். சாட்சிக் கையெழுத்து அண்ணனுடையது.

அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர். எறும்பை ஊதித் தள்ளிவிட்டு உட்காருகிற ரகம். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போனார். பட்டறையில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது உதடு கிழிந்திருந்தது.

"அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"கதவத் தொறந்தான். அழுதுட்டு நின்னான். அழுவுறவன எப்படி அடிக்கிறது?"

"அப்ப உதடு?"

"திரும்புற வேகத்துல நிலையில இடிச்சுக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அடிபட்ட இடுப்பு வலித்து, வலியில் அழுகை வந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள்.

வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். மேலதிகாரி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். "அம்மா, நாப்பத்தொண்ணும் உயிரோட இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க. அவர் புகார வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்றார். நீங்களும் திங்கக்கிழமை வேலைக்கு வந்துரலாம். எதுக்கு வீண் வம்பு?" என்று ஆய்வுப் படிவத்தை நீட்டினார்.

அவள் பேனாவை இடது கையில் வாங்கினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக் கோணி, கோட்டைத் தாண்டி, கால் மணி நேரம் எழுதினாள். 'உயிரோடு: ஏழு. குச்சி: முப்பத்துநான்கு.' கீழே கையெழுத்து. அவர் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டபடி மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் கிழிக்கவில்லை. அந்தக் காகிதம்தான் பிறகு கோர்ட்டுக்கு வந்தது.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அண்ணனும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறியவனைப் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தான். டிப்போக்காரரின் வக்கீல் தட்டிக்கொடுக்கிற குரலில் கேட்டார்: "அன்னிக்கு நடந்தத சொல்லுங்க. அந்தம்மாதானே முதல்ல கை ஓங்குனாங்க?"

அண்ணன் கூண்டின் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுப்புக்காரன் கண், அது என்ன மரம் என்று பார்க்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் பிடிச்சிருந்தேன்" என்றான்.

"எதை?"

"எந்தங்கச்சிய. கைய முறுக்கிப் பிடிச்சேன். முதலாளி அடிச்சார். எலும்பு ஒடிஞ்சுது. அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தேன்." வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவன் நிறுத்தவில்லை. "குச்சி அறுத்ததும் நான்தான். முந்தின நாள் மத்தியானம். முப்பத்துநாலு குச்சி. போலீஸ்ல கையெழுத்துப் போட்டது பொய்."

ஐந்து நாள் கழித்து, நாலு மணி வெயிலில், அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்க மதிலோரம் வந்து நின்றான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போ என்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் ஒரு லோடு வேன் வந்து அவனை ஒட்டி நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய், ஒருவன் கையில் கோடாலி. முதல் வீச்சிலேயே அண்ணன் கால் மடங்கி விழுந்தான். அடுத்த கால். அவர்கள் திட்டவும் இல்லை, கத்தவும் இல்லை; இறக்கிய சரக்கை அடுக்குகிற மாதிரி வேலையைச் செய்தார்கள். ஒருவன் அண்ணனின் வலது கையை இழுத்து நடைபாதைக் கல்லில் வைத்து மணிக்கட்டை மிதித்துக்கொண்டான். கோடாலி இறங்கியது.

அவள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த சிமென்ட் பூந்தொட்டியை ஒரு கையாலும் நெஞ்சாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எப்படித் தூக்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு இரண்டு பேர் சேர்ந்துதான் அதன் அடிப்பாகத்தை நகர்த்தினார்கள். கோடாலிக்காரன் நிமிர்வதற்குள் அதை அவன் மேல் போட்டாள். தோள் இறங்கி அவன் சுருண்டான். குழாய்க்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

"பாப்பா, உள்ள போ. உள்ள போயிரு" என்று அண்ணன் தரையிலிருந்து சொன்னான்.

அவள் போகவில்லை. குழாய் அவள் விலாவில் ஒரு முறை விழுந்தது. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. இஸ்திரிக் கடைக்காரர் சூட்டுப் பெட்டியோடு ஓடிவந்தார். அடுத்த வீட்டு டிரைவர் வேனின் முன்கண்ணாடியில் கல்லை விட்டார். இரண்டு பேர் ஓடிப்போனார்கள். தோள் இறங்கியவனைத் தெருக்காரர்கள் பிடித்து மின்கம்பத்தோடு கட்டி வைத்தார்கள். அவன் போலீஸில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான், டிப்போக்காரர் பேர் உட்பட.

அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கால் இரண்டிலும் கம்பி. டிப்போக்காரர், வேன் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்பு வந்தது. டிப்போக்காரருக்கு ஆறு வருஷம். கொத்தால் அடித்தது தற்காப்பு என்று அவளை விடுவித்தார்கள். மேலதிகாரி முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னார்.

வேலையில் திரும்பச் சேர்ந்ததும் அவள் எடுத்த முதல் ஃபைல் அந்த மனையுடையது. செத்த முப்பத்துநாலுக்குப் பதில் அறுபத்தெட்டு, பிழைத்த ஏழோடு எழுபத்தைந்து. மூன்று வருஷக் கெடு முதலிலிருந்து. டிப்போவை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மருமகன். அவர் எதிர்த்துப் பேசாமல் நட்டார். அவள் எண்ணப் போகும் நாளில் அவர் டிப்போவில் இருக்கமாட்டார்.

அண்ணன் அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறான். அண்ணி பிரிந்துபோய்ப் பல வருஷமாயிற்று. வேறு போக்கிடம் இல்லை. ஊன்றுகோலோடு கழிப்பறைவரை போவான். மாப்பிள்ளையோடு ரேடியோ கேட்பான். தங்கையோடு தினமும் ஏதாவது சண்டை. ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு, மாத்திரை போடாததற்கு, அவளுடைய செவிட்டுக் காதுப் பக்கம் நின்று பேசியதற்கு.

ஒரு மத்தியானம், முதல் ஆய்வு முடிந்து அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் கேட்டான்: "எத்தன போச்சு?"

"மூணு."

"வடக்குப் பக்கமா?"

"ஆமா."

"அங்க மண்ணுக்கு அடியில ஒடஞ்ச ஓடு கெடக்கு. குழிய ஆழமாத் தோண்டச் சொல்லு."

அவள் சரி என்று உள்ளே போனவள், திரும்பி வந்து அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எலும்பு ஒடிஞ்ச சத்தம் உனக்குக் கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு."

"அப்புறமும் ஏன் விடல?"

அவன் இருக்கிற இரண்டு விரல்களால் போர்வை நூலை இழுத்துக்கொண்டிருந்தான். "தெரியல பாப்பா. விட்டுட்டா அதுவரைக்கும் பிடிச்சதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இருந்துச்சு."

தெருவில் பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள்.

அவன் தலையசைத்தான். அவள் எழுந்துபோய் இருவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து, அவன் டம்ளரை இடது கைக்கு எட்டுகிற பக்கமாக வைத்தாள்.